டிரை ஐஸ் பெட்டியும் மூடிய காரும்

அண்ணன் மகள் கோவையில் தாவர நோயியலில் பிஎச்.டி. செய்கிறாள். பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளில் வேர் வாடல் நோய் தாக்கிய மரங்களிலிருந்து இரண்டு வருடமாக இலை சேகரித்து, அதிலிருந்து ஆர்என்ஏ பிரித்து, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருந்தாள். அதைப் பெங்களூரில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழாய்களாகப் பிரித்து வைத்திருந்தது அவளுடைய புத்திசாலித்தனம். முதல் பாதி மார்ச்சில் போனது. போனது என்றால், போயே போனது.

5 கிலோ டிரை ஐஸ், ஒரு தெர்மாகோல் பெட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூரியர். சனி, ஞாயிறு பெட்டி எங்கேயோ ஒரு கிடங்கில் உட்கார்ந்திருக்கிறது. திங்கள் மத்தியானம் திறந்தபோது உள்ளே ஐஸ் துளிகூட இல்லை. பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் விரிசல் வேறு. ஆர்என்ஏ என்பது அறை வெப்பத்தில் வைத்தால் சிதைந்துவிடும் சரக்கு. "சித்தப்பா, இன்னும் ஒரே ஒரு செட்தான் இருக்குங்க" என்று போன் வந்தது. நான் சாஃப்ட்வேர் ஆள். ஆனால் வீட்டில் எதற்காவது கணக்குப் போட வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

சரி, கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பள்ளிப் பாடத்தில் உலர் பனிக்கட்டி என்று படித்திருப்போம். கடையில் போய் அப்படிக் கேட்டால் முழிப்பார்கள். டிரை ஐஸ் என்பது திட நிலையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு. அதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். நம் வளிமண்டல அழுத்தத்தில் அதற்குத் திரவ நிலை கிடையாது, நேரே வாயுவாகிவிடும். திரவமாக வேண்டுமென்றால் வளிமண்டலத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். அதனால்தான் பெட்டி நனைவதில்லை. 1925 வாக்கில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வைத்த வணிகப் பெயர்தான் 'டிரை ஐஸ்', பிறகு அதுவே பொதுப் பெயராகிவிட்டது.

ஒரு கிலோ டிரை ஐஸ் வாயுவாக மாறும்போது சுமார் 571 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. சாதாரண ஐஸ் உருகும்போது உறிஞ்சுவது 334. எடைக்கு எடை ஒன்றே முக்கால் மடங்கு. டிரை ஐஸ் அடர்த்தியும் அதிகம் என்பதால் இடத்துக்கு இடம் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இப்போது பெட்டிக்கு வருவோம். அவள் அனுப்பிய பெட்டியின் சுவர் 4 சென்டிமீட்டர் தடிமன். உள்ளளவு 32, 22, 22 சென்டிமீட்டர். வெளியே 32 டிகிரி, உள்ளே மைனஸ் 78. வித்தியாசம் 110 டிகிரி. சுவரின் பரப்பை இந்த வித்தியாசத்தால் பெருக்கி, தெர்மாகோலின் வெப்பக்கடத்தல் எண்ணாலும் பெருக்கி, தடிமனால் வகுத்தால் 40 வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது, பெட்டிக்குள் ஒரு பழைய 40 வாட் குண்டு பல்பு ராத்திரி பகலாக எரிந்துகொண்டிருப்பதற்குச் சமம். அந்த வெப்பத்தைத் தின்று தீர்க்க ஒரு நாளைக்குச் சுமார் 6 கிலோ டிரை ஐஸ் வேண்டும். 5 கிலோ வைத்தால் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு முன்னாலேயே காலி. திங்கட்கிழமை வரை அந்தக் குழாய்கள் வெயிலில்தான் கிடந்தன என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எவ்வளவு ஐஸ் ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது சுவர்தான். உள்ளே எவ்வளவு ஐஸ் இருக்கிறது என்பதல்ல. 3 கிலோ வைத்தாலும் 10 கிலோ வைத்தாலும் அதே பெட்டி மணிக்கு ஏறக்குறைய அதே 250 கிராமை இழக்கும். இது பின்னால் வேறு ஒரு இடத்தில் வந்து என்னைக் கடித்தது.

இரண்டாவது தடவைக்கு 6 சென்டிமீட்டர் சுவர் உள்ள பெட்டி வாங்கினோம். அதில் ஒரு நாளைக்கு நாலரை கிலோ இழப்பு என்று கணக்கு வந்தது. பயணம் ஒரு நாள். தாமதமானால் இரண்டு நாள். 9 கிலோ. அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டி 12 கிலோ. அனுப்பும் கிழமை செவ்வாய். வெள்ளிக்கிழமை டிரை ஐஸ் அனுப்புவதில்லை என்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் அவளிடம் சொல்லவில்லை என்பது தனிக் கதை.

சூலூர் பக்கம் ஒரு வாயுக் கிடங்கில் 15 கிலோ வாங்கி, பழைய 4 சென்டிமீட்டர் பெட்டியில் போட்டு, என் காரின் டிக்கியில் ஏற்றினோம். சின்ன ஹேட்ச்பேக் கார். ஏப்ரல் வெயில். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, வெளிக்காற்று உள்ளே வராத பொத்தானையும் அழுத்தியாகிவிட்டது. நம் ஊர்ப் புகைக்கும் தூசிக்கும் அதுதானே பழக்கம்.

சிங்காநல்லூர் தாண்டுவதற்குள், "சித்தப்பா, தலை ஒரு மாதிரி கனமா இருக்குங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கூடவே, மாடிப்படி ஏறியவன் மாதிரி மூச்சு. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி இறங்கினோம். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. வெயில், டிராஃபிக், காலையில் சாப்பிடாதது என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். டிரை ஐஸால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் டீ கையில் இருக்கும்போதே மனசுக்குள் ஒரு பெருக்கல் ஓடியது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

மணிக்கு 250 கிராம் இழப்பு என்று பெருமையாகக் கணக்குப் போட்டேன் இல்லையா? அந்த 250 கிராம் எங்கே போகிறது? ஒரு கிலோ டிரை ஐஸ் அறை வெப்பத்தில் சுமார் 540 லிட்டர் வாயு. அப்படியானால் 250 கிராம் 135 லிட்டர். என் காரின் உள்ளே இருக்கும் காற்று 3,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்று கொஞ்சமும் மாறாவிட்டால் ஒரு மணி நேரத்தில் நாலரை சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஓடும் காரில் இடுக்கு வழியே கொஞ்சம் காற்று மாறும்தான், அதனால் உண்மையில் இதைவிடக் குறைவாக இருந்திருக்கும். இருந்தாலும் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் மணிக்கு 15 முதல் 18 லிட்டர்தான் வெளிவிடுகிறார். அந்தப் பெட்டி, பின்சீட்டில் ஏழெட்டுப் பேரை நெருக்கி உட்கார வைத்ததற்குச் சமம்.

எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று சொல்லும் அதே எண்தான் எவ்வளவு வாயு நம் மூக்குக்கு வரும் என்றும் சொல்கிறது. பாதிக் கணக்கை மட்டும் போட்டுவிட்டு மீதியை நான் போடவே இல்லை.

நாலரை சதவீதம் என்றால் என்ன? வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம். எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்கத் தொழிலிட விதி. கால் மணி நேரத்துக்கு மட்டும் என்றால் 3 சதவீதம் என்று அங்குள்ள பாதுகாப்பு அமைப்புகள் வரம்பு வைக்கின்றன. 4 சதவீதம் வந்தால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்துகிறார்கள். 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு தப்பும்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். "ஆக்சிஜன் குறைந்தால்தானே ஆபத்து?" என்ற நினைப்பு. 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்தாலும் ஆக்சிஜன் 20.9இலிருந்து சுமார் 19.9க்குத்தான் இறங்கும். அதுவல்ல பிரச்சினை. நம் மூளை மூச்சின் வேகத்தை முக்கியமாக ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. அது ஏறினால் ரத்தம் அமிலத் தன்மை கொள்ளும், மூச்சு வேகமாகும், தலை வலிக்கும், குழப்பம் வரும். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே இது நடக்கும். மூச்சு வாங்குவது ஓர் எச்சரிக்கை என்பது நமக்குச் சாதகம். ஆனால் தூங்குகிறவருக்கும், ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு குழம்பிப் போனவருக்கும் அந்த எச்சரிக்கையால் என்ன பயன்?

2018 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா நகரத்துக்குப் பக்கத்தில், இப்படியே நடந்தது. ஐஸ்கிரீம் விநியோகம் செய்பவர் ஒருவரின் காரில் டிரை ஐஸ் நிறைந்த கூலர் பெட்டிகள் இருந்தன. ராத்திரி அவருடைய மனைவி, மாமியாரை வீட்டில் விடுவதற்காக அந்தக் காரை எடுத்துக்கொண்டு போனார். சில மணி நேரம் கழித்துத்தான் காரைக் கண்டுபிடித்தார்கள். மாமியார் இறந்திருந்தார், மனைவி கவலைக்கிடமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விழாவில், புகை அழகாக வரட்டும் என்று மூடிய அறையில் இருந்த நீச்சல் குளத்தில் டிரை ஐஸைக் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். இந்த வாயு காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமானது, பள்ளத்தில் தங்கும். தண்ணீரில் நிற்பவரின் மூக்கு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வாயு தேங்கும் அதே உயரத்தில் இருக்கிறது.

புகை பற்றி ஒரு வார்த்தை. டிரை ஐஸிலிருந்து வரும் வெள்ளைப் புகை கார்பன் டை ஆக்சைடு அல்ல. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து உறைந்த பனிமூட்டம் அது. வாயு கண்ணுக்குத் தெரியாது. புகை நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பது தப்பு.

அன்று சாயங்காலம் பெட்டியை அனுப்பிய பிறகு, பழைய பெட்டியில் மிச்சம் 3 கிலோ இருந்தது. என்னிடம் ஒரு கார்பன் டை ஆக்சைடு சென்சார் உண்டு, கோவிட் காலத்தில் அறைக் காற்றோட்டம் பார்க்க வாங்கியது. 5,000 பிபிஎம், அதாவது 0.5 சதவீதம் வரைதான் காட்டும். நிறுத்தி வைத்த காரின் டிக்கியில் பெட்டியையும், முன்சீட்டில் சென்சாரையும் வைத்து, கதவுகளைச் சாத்திவிட்டு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எட்டாவது நிமிடத்தில் சென்சார் அதன் எல்லையைத் தொட்டு நின்றுவிட்டது. வெறும் 3 கிலோவுக்கு! கொஞ்சம்தானே என்று ஏமாறக்கூடாது. மேலே சொன்ன மாதிரி, இழப்பைச் சுவர்தான் தீர்மானிக்கிறது. டிக்கி தனியாகத்தானே இருக்கிறது என்ற நினைப்பும் அன்றோடு போயிற்று. ஹேட்ச்பேக்கில் டிக்கியும் சீட்டும் ஒரே அறைதான்.

அதனால் டீக்கடையிலிருந்து வடவள்ளி வரை ஏசி இல்லாமல், நாலு கண்ணாடியும் இறக்கிவிட்டு, வேர்த்து ஊற்ற வந்தோம். யாராவது கேட்டால் இப்போது சொல்வது: திறந்த குட்டியானை வண்டியில் ஏற்றிவிடுங்கள், நீங்கள் பின்னாலேயே வண்டியில் வாருங்கள். கார்தான் வழி என்றால் கண்ணாடியை இறக்குங்கள், வெளிக்காற்று வரும் பொத்தானைப் போடுங்கள், பெட்டியைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். போனால், திரும்பி வந்ததும் கதவுகளைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் கழித்து ஏறுங்கள். பெட்டியோடு லிஃப்டில் ஏற வேண்டாம், இடையில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஆய்வகங்களில் இன்னொரு பழக்கம், மிச்சமான டிரை ஐஸை நடந்து உள்ளே போகும் குளிர் அறையில் வைப்பது. குளிரில் இருந்தால் ஆவியாகாது என்ற நம்பிக்கை. கணக்குப் பாருங்கள்: 32 டிகிரி அறையில் வித்தியாசம் 110, 4 டிகிரி குளிர் அறையில் 82. கால் பங்குதான் மிச்சம். அந்தக் கால் பங்குக்காக, ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டும், ஜன்னலே இல்லாத அறையை வாயுவால் நிரப்புகிறோம். அடுத்து உள்ளே போகிறவருக்கு எதுவும் தெரியாது.

அடுத்தது அழுத்தம். முதல் பெட்டியில் விரிசல் விட்டது ஏன் என்று யோசித்தபோது அவளுக்கு ஞாபகம் வந்தது: கூரியர் கவுன்டரில் இருந்தவர் நல்ல மனதோடு, மூடியைச் சுற்றிலும் டேப் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளால் நாலு சுற்றுச் சுற்றிக் கொடுத்தாராம். மணிக்கு 135 லிட்டர் வாயு எந்த வழியாவது வெளியே வந்தே தீரும். வழி விடாவிட்டால் அதுவே வழி செய்துகொள்ளும். தெர்மாகோல் என்பதால் விரிசலோடு போயிற்று. அதையே திருகு மூடி உள்ள எவர்சில்வர் பிளாஸ்கிலோ, பிளாஸ்டிக் பாட்டிலிலோ போட்டு இறுக்கி மூடினால் அது குண்டு. 25 டிகிரியில் மூடிய கலத்தில் போதிய அளவு டிரை ஐஸ் இருந்தால் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 60 மடங்கைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிப்பது இரண்டு மடங்கு சொச்சம். திட கார்பன் டை ஆக்சைடை 1830களில் முதலில் தயாரித்துக் காட்டியவர் பிரான்சின் திலோரியே. அவருடைய வார்ப்பிரும்புக் கருவி 1840இல் பாரிஸில் வெடித்ததில் எர்வி என்ற உதவியாளர் உயிரிழந்தார். பொருள் பிறந்த சில வருடங்களிலேயே அதன் முதல் பாடம் வந்துவிட்டது.

ஆகவே இரண்டாவது பெட்டியைக் கட்டும்போது வரிசை இப்படி. குழாய்கள் திருகு மூடியோடு, மூடியைச் சுற்றி மெழுகுப் படலம் ஒட்டி, ஒரு மூடிய டப்பாவுக்குள். அந்தப் படலம் எதற்கென்றால், வாயு குழாய்க்குள் புகுந்து கரைந்தால் கரைசல் அமிலமாகிவிடும். டிரை ஐஸ் அந்த டப்பாவுக்கு வெளியே மட்டும். மூடிய எதற்குள்ளும் டிரை ஐஸ் போகக்கூடாது. கீழே கொஞ்சம், சுற்றிலும், மேலே நிறைய, ஏனென்றால் குளிர்ந்த வாயு கீழே இறங்கும். காலி இடத்தைக் கசக்கிய காகிதத்தால் அடைத்தோம். ஐஸ் கரையக் கரைய டப்பா உருளாமல் இருக்க அட்டைத் தடுப்பு. தெர்மாகோல் மூடி சும்மா உட்கார்ந்திருக்கும். வெளி அட்டைப் பெட்டிக்கு மேலே ஒரே கோடாக டேப். கவுன்டர்காரரிடம், "அண்ணா, இதுக்கு மேல சுத்தாதீங்க, மூச்சு விடணும்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்.

கையுறை இல்லாமல் தொட வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் தொளதொளவென்று இருப்பது நல்லது. உள்ளே ஒரு துண்டு விழுந்தால் உதறிவிடலாம். வாயில் போடக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய்ப் புத்துணர்ச்சி என்று கொடுத்த டிரை ஐஸைத் தின்ற ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்த செய்தி வரும் வரை.

விமானத்தில் அனுப்பினால் ஒட்ட வேண்டிய சீட்டு உண்டு. யு.என். 1845 என்பது டிரை ஐஸின் சர்வதேச எண். ஒன்பதாம் வகை ஆபத்துப் பொருள், மேல் பாதியில் கறுப்புக் கோடுகள் போட்ட சாய்சதுரம். கூடவே டிரை ஐஸின் நிகர எடை கிலோவில். எடை எதற்கு? விமானத்தின் சரக்கு அறையும் ஒரு பெரிய மூடிய கார்தான். மொத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விமானிக்குத் தெரிய வேண்டும். அதே அறையில் நாய், பூனை போகிறதென்றால் தள்ளி வைக்க வேண்டும். பயணியாக நாம் கொண்டுபோவது என்றால் விமான நிறுவனத்தின் சம்மதத்தோடு இரண்டரை கிலோதான். 2020 நவம்பரில் ஃபைசர் தடுப்பூசியை பிரஸல்ஸிலிருந்து சிகாகோவுக்குக் கொண்டுவர யுனைடெட் நிறுவனத்துக்கு ஒரு விமானத்தில் சுமார் 6,800 கிலோ டிரை ஐஸ் ஏற்ற அமெரிக்க அரசு தனி அனுமதி கொடுத்தது. வழக்கமான வரம்பு அதில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தத் தடுப்பூசிக்கு மைனஸ் 70 டிகிரி வேண்டியிருந்தது, வேறு வழியில்லை.

நமக்கு இங்கே போட்ட கோவிஷீல்டுக்கும் கோவாக்சினுக்கும் 2 முதல் 8 டிகிரி போதும். அவற்றை டிரை ஐஸில் வைத்தால் கெட்டுவிடும். இன்சுலினும் அப்படித்தான், ஒரு தடவை உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஊரிலிருக்கும் அப்பாவுக்கு இன்சுலின் அனுப்ப டிரை ஐஸ் எங்கே கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஜெல் பாக்கெட் போதும், அதுவும் மருந்தை நேராகத் தொடாமல் நடுவில் துணி வைக்கச் சொன்னேன்.

பெட்டி புதன்கிழமை, 22 மணி நேரத்தில் பெங்களூர் போய்ச் சேர்ந்தது. ஜன்னல் பக்கம் வைத்துத் திறந்து, மிச்சத்தை எடை போட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தோம். ஏழரை கிலோ. உள்ளே வைத்த வெப்பநிலைப் பதிவுக் கருவியின் கோடு முழு ராத்திரியும் மைனஸ் 70க்கு மேலே வரவே இல்லை. மாதிரிகளைச் சோதித்துவிட்டு நல்ல நிலையில் இருப்பதாக மறுநாள் பதில் வந்தது.

சோதனைக்குப் பயன்பட்ட அந்த 3 கிலோவை மொட்டை மாடியில், நிழலில், மூடியைத் திறந்து வைத்து, பக்கத்து வீட்டுப் பையன்கள் தொடாமல் இருக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தேன். சிங்க்கில் கொட்டினால் குழாய் விரிசல் விடும் என்று மனைவி முன்பே தடை போட்டிருந்தாள். ராத்திரி பத்து மணிக்கு, வாட்ச்மேன் வேலை முடிந்ததா என்று கேட்டாள். பெட்டியில் இன்னும் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தது.